ஜிபி, முதியோர் இல்லம், சுகாதாரக் கொள்கை: ஆஸ்திரேலியாவில் மருத்துவராக இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு சிட்னியில் ஜிபியாக, அதாவது குடும்பங்கள் முதலில் பார்க்கும் பொது மருத்துவராக, வேலை செய்கிறேன். வாரத்தில் சில பொழுதுகள் முதியோர் இல்லங்களுக்குப் போகிறேன். மருத்துவக் கொள்கை பற்றிப் பேசும் குழுக்களிலும் பங்கெடுக்கிறேன். ஊரிலிருந்து வந்த இளம் மருத்துவர்களும், அம்மா அப்பாவை இங்கே வைத்துப் பார்க்கும் பிள்ளைகளும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. முடிவெடுக்கும் முன் அன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிபி என்றால் மேற்படிப்பு படிக்காத டாக்டர்தானே?

இல்லை. ஊரில் எம்பிபிஎஸ் முடித்ததும் ஒரு கிளினிக் திறக்கலாம் என்பதால் இந்த எண்ணம் நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. இங்கே பொது மருத்துவமும் இதய மருத்துவம், எலும்பு மருத்துவம் போல ஒரு தனித்துறை. அதற்கென்று 1958-இல் ராயல் ஆஸ்திரேலியன் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸ் தொடங்கப்பட்டது; கிராமப்புற மருத்துவத்துக்கு ஏக்ரம் என்ற இன்னொரு கல்லூரி 1997-இல் வந்தது. பட்டம், ஒரு வருட இன்டர்ன்ஷிப், மேலும் சில காலம் மருத்துவமனை வேலை, அதன் பிறகு மூன்று அல்லது நான்கு வருடப் பயிற்சி, இடையில் தேர்வுகள் என்று எல்லாவற்றையும் கடந்தவர்தான் முழுத் தகுதி பெற்ற ஜிபி.

வேலை என்னவென்று கேட்டால், இன்ன நோய் என்று இன்னும் பெயர் வைக்கப்படாத நிலையில் வருகிற எல்லாவற்றையும் முதலில் பார்ப்பது. களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் வருவார். அது இரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், குடல் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகவும் ஜிபியின் கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து ஸ்பெஷலிஸ்ட்டுக்கான முழுத் தொகை திரும்பக் கிடைக்காது. ஆனால் கடிதம் எழுதுவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. ஒரே மனிதரை இருபது வருடம் தொடர்ந்து பார்ப்பதுதான் பெரிய பகுதி.

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர் இங்கே ஜிபி ஆக என்ன செய்ய வேண்டும்?

பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தகுதி பெற்றவர்களுக்குச் சுருக்கமான வழிகள் உண்டு. நம்மில் பெரும்பாலானோருக்கு வாய்ப்பது வழக்கமான பாதைதான். முதலில் ஆங்கிலத் தேர்வு. அப்புறம் ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சிலின் கணினித் தேர்வு. அதில் 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். அதன்பின் நோயாளிகளோடு பேசிக் காட்டும் தேர்வு. பதிவு கிடைத்ததும் ஒருவரின் மேற்பார்வையில் வேலை. பிறகுதான் ஜிபி பயிற்சிக்கான விண்ணப்பம். அரசு நிதியுதவியுள்ள பயிற்சியில் இடம் கிடைக்காதவர்களுக்குச் சொந்தச் செலவில் படிக்கும் வழியும் இருக்கிறது.

பேசிக் காட்டும் தேர்வில் நம் ஆட்கள் சறுக்குவது அறிவுக் குறைவால் அல்ல. நோயாளியிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள்" என்று கேட்டுப் பழக்கமில்லை. நாங்கள் படித்த வார்டுகளில் அதற்கு நேரமும் இருந்ததில்லை. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்யாதீர்கள். உண்மையாகவே கேட்கப் பழகுங்கள். முதியோர் மருத்துவத்தில் கடைசி வரை கைகொடுப்பது அதுதான்.

பத்து வருட விதி என்கிறார்களே, அது என்ன?

1973-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 19ஏபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி வெளிநாட்டில் படித்த மருத்துவர், பொதுவாகப் பத்து ஆண்டுகள், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை செய்தால்தான் அவருடைய நோயாளிகளுக்கு மெடிகேர் பணம் கிடைக்கும். மிகத் தொலைவான ஊர்களுக்குப் போனால் காலம் குறையும். வெளிநாட்டு மாணவராக வந்து இங்கேயே மருத்துவம் படித்தவர்களுக்கும் இந்த விதி உண்டு.

நாட்டுக்குள் மருத்துவர் பரவல் சரியில்லை என்றால் அதைச் சரிசெய்யும் சுமை எல்லா மருத்துவர் மேலும் சமமாக விழ வேண்டும். புதிதாக வந்தவர்கள் மேல் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் கிராமத்தில் கழிக்கும் வருடங்கள் வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். அருகில் ஸ்பெஷலிஸ்ட் இல்லாத இடத்தில்தான் ஒரு ஜிபி முழு மருத்துவர் ஆகிறார். அங்கே முதியோர் இல்லம், சிறு மருத்துவமனை, கிளினிக் மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பது சாதாரணம்.

மெடிகேர் எப்படி வந்தது?

1975 ஜூலை 1-இல் விட்லம் அரசு மெடிபேங்க் என்ற பெயரில் எல்லோருக்குமான காப்பீட்டைத் தொடங்கியது. மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. செனட்டில் சட்டம் தடைபட்டு, இரு அவைகளும் கலைக்கப்பட்டு, தேர்தல் நடந்து, 1974 ஆகஸ்டில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில்தான் நிறைவேறியது. அடுத்து வந்த அரசு அதைப் படிப்படியாகக் கழற்றியது. ஹாக் அரசு வந்த பிறகு 1984 பிப்ரவரி 1-இல் மெடிகேர் என்ற பெயரில் திரும்பி வந்தது.

இந்தத் திட்டத்தை வடிவமைத்த இருவரும், ஜான் டீபிள், டிக் ஸ்காட்டன், பொருளாதார அறிஞர்கள், மருத்துவர்கள் அல்ல. இளம் மருத்துவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மருத்துவர்களின் சங்கம் எதிர்ப்பக்கம் நின்ற ஒரு சீர்திருத்தம்தான் இன்று நம் நோயாளிகளைக் காப்பாற்றுகிறது. கொள்கை விவாதத்தில் நம் வருமானத்தையும் நோயாளியின் நலனையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

ஜிபி ஏன் எப்போதும் அவசரப்படுகிறார்?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஜிபி பார்க்கும் ஒவ்வொரு சந்திப்புக்கும் மெடிகேரில் ஒரு எண் உண்டு. 6 நிமிடத்திலிருந்து 20 நிமிடத்துக்குள் முடிந்தால் எண் 23. அதற்கு மெடிகேர் தருவது 40 ஆஸ்திரேலிய டாலரைச் சற்றுத் தாண்டும். 20 நிமிடம் ஆனால் எண் 36; அதற்கு 80 டாலரைச் சற்றுத் தாண்டும். 40 நிமிடம் ஆனால் எண் 44. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் சந்திப்புக்கு 2023 நவம்பரில்தான் புதிதாக ஒரு எண் வந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். 40 நிமிடத்தில் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பேரைப் பார்த்தால் 160 டாலருக்கு மேல். அதே நேரத்தில் ஒரே ஒரு மூதாட்டியின் பதினோரு மருந்துகளையும் எடுத்து வைத்து, எது தேவை, எது வேண்டாம் என்று பேசி, எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்து, மகளிடமும் இரண்டு வார்த்தை பேசி 38 நிமிடத்தில் முடித்தால் அதில் பாதிதான். வாடகை, நர்ஸ், வரவேற்பாளர் சம்பளம் எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். நல்ல மனசுள்ள டாக்டர்கள் கூட வேகமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். நேரத்துக்கு நாடு என்ன விலை வைக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் வயதானவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

இதில் இன்னொரு அடியும் விழுந்தது. 2013-இல் தற்காலிகம் என்று சொல்லி இந்தத் தொகைகளின் உயர்வை நிறுத்தினார்கள். அடுத்த அரசு அதை நீட்டித்துக்கொண்டே போனது. ஜிபி சந்திப்புகளுக்கு 2018 வரை உயர்வே இல்லை. நடுவில் 2014 பட்ஜெட்டில் ஒவ்வொரு நோயாளியும் 7 டாலர் கொடுக்க வேண்டும் என்ற யோசனை வந்து, எதிர்ப்பால் மறு வருடம் கைவிடப்பட்டது. உயர்வு நின்ற வருடங்களில் பல கிளினிக்குகள் பல்க் பில்லிங்கை, அதாவது நோயாளியிடம் எதுவும் வாங்காமல் மெடிகேர் தொகையை மட்டும் பெற்றுக்கொள்ளும் முறையை, விட்டுவிடும் நிலைக்குத் தள்ளப்பட்டன. 2023 நவம்பரில் குழந்தைகளுக்கும் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் பல்க் பில்லிங் ஊக்கத்தொகை மூன்று மடங்கானது. 2025 நவம்பர் 1 முதல் அது எல்லோருக்கும் விரிவடைந்தது. நல்லதுதான். ஆனால் ஊக்கத்தொகை ஒவ்வொரு சந்திப்புக்கும் சேர்கிறது. சின்னச் சந்திப்புகளை நிறையப் பார்ப்பவருக்கே அதிகம் கிடைக்கும். நீண்ட சந்திப்பின் குறை அப்படியே நிற்கிறது.

முதியோர் இல்லத்தில் ஜிபிக்கு என்ன வேலை? நர்ஸ்கள்தான் இருக்கிறார்களே?

ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முதியோர் இல்லங்களில் நிரந்தரமாக வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறதி நோய் இருக்கிறது. இல்லத்தில் நர்ஸ்களும் பராமரிப்புப் பணியாளர்களும் இருப்பார்கள். டாக்டர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்த டாக்டர் ஜிபி.

உள்ளே போனால் வேலை ஒருபோதும் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் காலையில் விழுந்திருப்பார். அடி பட்டதா என்று பார்ப்பது மட்டும் போதாது, ஏன் விழுந்தார் என்று தேட வேண்டும். இரவு தூங்க ஒரு மாத்திரை, சிறுநீருக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு என்று சேர்ந்துகொண்டதால் எழுந்தவுடன் தலை சுற்றியிருக்கும். ஒருவர் ஒன்பதோ அதற்கு மேலோ மருந்துகள் எடுத்தால் அதை ஒவ்வொரு இல்லமும் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2021 ஜூலையில் விதி வந்தது. அது சரியான விதி. என் அனுபவத்தில் முதியோர் இல்லத்தில் ஒரு ஜிபி செய்கிற மிகப் பெரிய உதவி, புதிதாக மருந்து எழுதுவதல்ல. தேவையில்லாததை ஒவ்வொன்றாக நிறுத்துவது. அதைச் செய்யத் துணிவு வேண்டும். ஏனென்றால் அந்த மருந்தை எழுதியவர் பெரிய ஸ்பெஷலிஸ்ட்டாக இருப்பார், குடும்பமும் "நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ" என்று பயப்படும். ஒரு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சில வாரம் கவனித்து, அப்புறம் அடுத்தது. இல்லத்தோடு இணைந்த மருந்தாளர் ஒருவர் மருந்துப் பட்டியலை ஆராய்ந்து அறிக்கை தரும் ஏற்பாடும் உண்டு. அந்த அறிக்கையை வாங்கி வாசிக்காத ஜிபி பாதி வேலையைத்தான் செய்கிறார்.

பல் வலி, காதில் அழுக்கு, மலச்சிக்கல், சரியாகப் பொருந்தாத செருப்பு. கேட்கச் சின்ன விஷயங்கள். எண்பத்தெட்டு வயதில் ஒருவர் சாப்பிடாமல் போவதற்கும் யாரோடும் பேசாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசுவதும் ஜிபியின் வேலை. மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா, அல்லது தெரிந்த அறையில், தெரிந்த முகங்களுக்கு நடுவில், வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் நடு இரவில் அவரை அறியாத ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். பல மணி நேரம் அவசரப் பிரிவின் கட்டிலில், வெளிச்சத்தில், சத்தத்தில் அவர் கிடப்பார். வலி மருந்தும் மூச்சுத் திணறலுக்கான மருந்தும் முன்பே எழுதப்பட்டு இல்லத்தில் தயாராக இருந்தால் இது தேவைப்படாது.

என் அம்மாவுக்கு இப்போது தமிழ் மட்டும்தான் வருகிறது. இல்லத்தில் எப்படிச் சமாளிப்பார்?

மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழி முதலில் போவது பலரிடம் நடக்கிறது. முப்பது வருடம் ஆங்கிலத்தில் கணக்கு எழுதியவர் கூட வீட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். சிட்னியில் பெண்டில் ஹில், டூங்காபி பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஓர் அம்மாவைப் பார்க்கச் சொல்லி அழைத்தார்கள். குறிப்பேட்டில் "கூச்சலிடுகிறார், உடை மாற்ற விடுவதில்லை, அமைதிப்படுத்தும் மருந்து தேவை" என்று இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பிள்ளை, இடுப்பு நோகுது." யாழ்ப்பாணத்துப் பேச்சில் தெளிவாகத்தான் சொன்னார், பல நாட்களாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பாரசிட்டமால் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியதும் உடை மாற்ற விட்டார். அந்தப் பணியாளர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் வேறொரு நாட்டிலிருந்து வந்து, தங்கள் மொழியை விட்டு, குறைந்த சம்பளத்தில் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்பவர்கள்.

மொழிபெயர்ப்பாளர் சேவை 131 450 என்ற எண்ணில் எப்போதும் கிடைக்கும். மெடிகேர் அட்டை உள்ள நோயாளிக்காக ஜிபி அழைத்தால் கட்டணம் கிடையாது. அதைப் பயன்படுத்தச் சொல்லி உங்கள் ஜிபியைக் கேளுங்கள். நீங்களும் ஒரு தாளில் வலி, தண்ணீர், பசி, கழிப்பறை, குளிர் போன்ற சொற்களைத் தமிழ் உச்சரிப்பு ஆங்கில எழுத்தில் வருமாறு எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அம்மா என்ன சாப்பிடுவார், கையால் சாப்பிடுவாரா, எந்த நேரத்தில் பிரார்த்தனை செய்வார் என்பதையும் எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு மசித்த உருளைக்கிழங்கு வைத்தால் அவர் தொடாததற்கு நோய் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

அமைதிப்படுத்தும் மருந்தே கொடுக்கக் கூடாதா?

சில சமயம் தேவைப்படும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்கு நிலை மோசமாகி, வலி, தொற்று, சிறுநீர் அடைப்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அடங்காவிட்டால் கொடுக்கலாம். மறதி நோயின் நடத்தைக் கோளாறுக்கு ஆஸ்திரேலியாவில் அனுமதியுள்ள ரிஸ்பெரிடோனை அல்சைமர் வகைக்கு மட்டும், 12 வாரத்துக்குள் என்று 2015-இல் கட்டுப்படுத்தினார்கள். பக்கவாதம் வரும் ஆபத்து கூடும் என்பதே காரணம். மருந்தால் ஒருவரை அடக்குவது கட்டிப்போடுவதற்குச் சமம் என்று சட்டமும் இப்போது சொல்கிறது. 2019-லும் 2021-லும் விதிகள் இறுகின. சம்மதம் வாங்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், திரும்பப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்த மருந்து தொடங்கியிருந்தால் "எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ராயல் கமிஷன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

அடிலெய்டில் ஓக்டன் என்ற அரசு முதியோர் மனநலப் பிரிவில் நடந்த கொடுமைகள் 2017-இல் வெளியே வந்தன. ஒரு குடும்பம் விடாமல் கேள்வி கேட்டதால்தான் அது நடந்தது. அந்த இடம் மூடப்பட்டது. அடுத்த வருடம் தொலைக்காட்சியில் முதியோர் இல்லங்களைப் பற்றிய புலனாய்வு வந்தது. 2018 அக்டோபர் 8-இல் ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2019 அக்டோபர் இறுதியில் வந்த இடைக்கால அறிக்கைக்குப் "புறக்கணிப்பு" என்று தலைப்பு வைத்தார்கள். இறுதி அறிக்கை 2021 மார்ச் 1-இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதில் 148 பரிந்துரைகள்.

இடையில் கோவிட் வந்தது. 2020-இல் ஆஸ்திரேலியாவில் கோவிட்டால் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். மெல்பர்னில் அந்தக் குளிர்காலம் மிகக் கொடுமையானது. பணியாளர்கள் மொத்தமாகத் தனிமைப்படுத்தப்பட, புதிதாக வந்தவர்களுக்கு யார் யார் என்றே தெரியாத நிலை சில இல்லங்களில் ஏற்பட்டது. ஆணையம் சாட்சியங்களில் கேட்டதை நாடு முழுவதும் கண்ணால் பார்த்தது.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. 2023 ஜூலை 1 முதல் ஒவ்வொரு இல்லத்திலும் 24 மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024 அக்டோபர் முதல் ஒவ்வொருவருக்கும் சராசரியாக நாளொன்றுக்கு 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் நர்ஸின் நேரம். நேரத்தைச் சட்டத்தில் எண்ணாக எழுதியது பெரிய காரியம். பணியாளர்களுக்கு 2023 நடுவில் 15 சதவீதச் சம்பள உயர்வு வந்தது. புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நிறுவனங்களுக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பதைச் சுற்றி எழுதப்பட்டிருந்தது. புதியது முதியவரின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கான பழைய பேக்கேஜ்களுக்குப் பதில் சப்போர்ட் அட் ஹோம் என்ற திட்டமும் அன்றே தொடங்கியது.

உள்ளே போய்ப் பார்க்கிறவர் என்ற முறையில் சொல்கிறேன்: இரவில் நர்ஸ் இருப்பது உண்மையான மாற்றம். முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் நேரே ஆம்புலன்ஸ்தான். இப்போது யாராவது இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டு உதவிக்காகக் காத்திருக்கும் வரிசை இன்னும் மிக நீளம். காத்திருக்கும்போதே விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, நேரே இல்லத்துக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். இதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

ஜிபிகள் ஏன் முதியோர் இல்லங்களுக்கு வர மறுக்கிறார்கள்?

கிளினிக்கை மூடிவிட்டுப் போக வேண்டும். வழியில் ஒரு மணி நேரம் போகும். நர்ஸைத் தேட வேண்டும். இல்லத்தின் கணினியும் நம் கணினியும் பேசிக்கொள்ளாது. மாலையில் திரும்பிய பிறகு தொலைபேசிகள், மருந்து அட்டைகள், கையெழுத்துகள். நோயாளி முன்னால் இல்லாமல் அவருடைய மகனிடம் அரை மணி நேரம் பேசினால் வழக்கமான சந்திப்புக்கான பணம் கிடையாது. 2019 மார்ச்சில் பயணத்துக்கென்று ஒரு தொகை சேர்த்தார்கள். ஒரு முறை போனால் முதல் நோயாளிக்கு மட்டும்.

ஆணையம் இதைக் கவனித்து, பதிவு செய்த முதியவர்களுக்காக ஆண்டுக்கு ஒரு தொகை என்ற முறையைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் அதன் ஒரு சிறிய வடிவம் வந்தது. ஒரே முதியவரைப் பன்னிரண்டு மாதத்தில் எட்டு முறை நேரில் பார்த்து, இரண்டு முறை பராமரிப்புத் திட்டம் எழுதினால் டாக்டருக்கு 300 டாலர், கிளினிக்குக்கு 130 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் தொடர்ந்து வருவதற்குப் பணம் கொடுப்பது சரியான திசை என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் மட்டும் வரும் டாக்டர் போதாது. மாதம் தவறாமல் வரும் டாக்டர் வேண்டும்.

மருத்துவருக்குக் கொள்கையில் என்ன வேலை? நோயாளியைப் பார்த்தால் போதாதா?

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு ஜிபி. தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். நோயென்று வருபவர்களை மட்டும் பார்க்காமல் ஊரில் எல்லோரையும் தேடிப்போய் இரத்த அழுத்தம் பார்த்தார். 1971-இல் லான்செட் இதழில் அவர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்டால் இது இன்னும் மோசமாகும். அதே 1971-இல் சிட்னி ரெட்ஃபெர்னில் பழங்குடி மக்கள் தங்களுக்கான மருத்துவ சேவையைத் தாங்களே தொடங்கினார்கள்.

கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு விதி எங்கே உடைகிறது என்று முதலில் தெரியும். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை முழு உடல்நலச் சோதனை என்பது 1999-இல் வந்தது. நர்ஸ் முதியவரின் வீட்டுக்கே போகலாம். கார்பெட் மடிந்திருக்கிறதா, குளியலறையில் பிடி இருக்கிறதா, குளிர்பதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மெடிகேரில் சேர்த்த ஒரு எண்ணால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு நர்ஸ் போக முடிந்தது. நான் ஒவ்வொருவராகப் பார்த்து வாழ்நாள் முழுவதும் செய்ய முடியாததை அந்த ஒரு முடிவு செய்தது.

அந்த வேலைக்குள் எப்படி நுழைவது?

சின்னதாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆரம்ப சுகாதார வலையமைப்பு இருக்கிறது. 2015 ஜூலையில் தொடங்கிய இவை நாடு முழுவதும் 31. அவற்றின் மருத்துவக் குழுக்களுக்கு ஜிபிகள் எப்போதும் தேவை. கல்லூரியின் முதியோர் பராமரிப்புக் குழு, மருத்துவர் சங்கம், அரசின் ஆலோசனைக் குழுக்கள் என்று அடுத்தடுத்துப் போகலாம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்தால் அட்டவணையை வாசிக்கவும் அமைச்சகத்தோடு அவர்கள் மொழியில் வாதாடவும் வரும். பாராளுமன்றக் குழு கருத்துக் கேட்டால் எழுதுங்கள்; யாரும் எழுதலாம்.

ஜிபியாக இருந்து மேலே போனவர்கள் உண்டு. லக்னோவில் பிறந்த முகேஷ் ஹைக்கர்வால், மெல்பர்னின் மேற்குப் பகுதியில் ஜிபியாக இருந்தபடியே 2005 முதல் 2007 வரை ஆஸ்திரேலிய மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவருக்கு முன் 2000-இல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் கெரின் ஃபெல்ப்ஸும் ஜிபிதான். பிறகு பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். சோஃபி ஸ்காம்ப்ஸ் என்ற ஜிபி 2022-இல் சிட்னியின் வடக்குக் கடற்கரையிலிருந்து சுயேச்சையாக வென்றார்.

ஆனால் ஒன்று. நோயாளியைப் பார்ப்பதை முழுக்க விட்டுவிடாதீர்கள். கூட்டங்களில் மட்டும் இருப்பவருக்கு இரண்டு வருடத்தில் கிளினிக்கின் உண்மை மறந்துவிடுகிறது.

வருமானம் எப்படி?

பணம்தான் முதல் காரணம் என்றால் வேறு துறையைப் பாருங்கள். ஜிபிக்கு மருத்துவமனை ஸ்பெஷலிஸ்ட்டைவிடக் குறைவு, முதியோர் இல்லத்தில் அதைவிடக் குறைவு, கொள்கைக் குழுக்களில் பல சமயம் வெறும் அமர்வுத் தொகை. வாழ்க்கைக்குப் போதும். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

அப்பாவை இல்லத்தில் சேர்க்கும் முன் எங்கள் ஜிபியிடம் என்ன கேட்க வேண்டும்?

"இவரை அங்கேயும் நீங்களே வந்து பார்ப்பீர்களா?" என்பது முதல் கேள்வி. பல பேருக்கு, பத்துப் பதினைந்து வருடம் தெரிந்த டாக்டர், மிக அதிகம் தேவைப்படும் நாளில் இல்லாமல் போகிறார். வருவார் என்றால், இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கிளினிக்கிலிருந்து தூரத்தையும் பாருங்கள்.

வரமாட்டார் என்றால், முழு மருத்துவக் குறிப்பையும், இன்றைய மருந்துப் பட்டியலையும், எந்த மருந்து ஏன் தொடங்கப்பட்டது என்ற காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அப்பா தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பங்களை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அவருக்காக முடிவெடுப்பவர் யார் என்பதையும் உங்கள் மாநிலச் சட்டப்படி முறையாக நியமியுங்கள். மூத்த மகன் என்பதால் தானாகவே அந்த உரிமை வந்துவிடும் என்று நம் குடும்பங்கள் நினைப்பது பல சண்டைகளில் முடிந்திருக்கிறது.

அப்புறம் இல்லத்தின் மேலாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த டாக்டர் வாரத்தில் எந்த நாள் வருகிறார்; அவர் விடுப்பில் போனால் யார் வருவார்; இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நர்ஸ் முதலில் யாரைக் கூப்பிடுவார். மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த இல்லத்தையும் போய்ப் பாருங்கள்.